தாய்லாந்தின் 'தாய்' யார்? ஒரு பழைய பாடத்துக்குத் திருத்தம்



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி வந்தது. தாய்லாந்து என்ற பெயர் தமிழில் உள்ள 'தாய்' என்ற சொல்லிலிருந்து வந்ததாம். கடல் கடந்து போன நம் முன்னோர் அந்த மண்ணைத் தாயாக நினைத்து வைத்த பெயராம். கீழே வழக்கம்போல "உண்மைத் தமிழனாக இருந்தால் பகிரவும்". அதைப் பகிர்ந்தது யார் என்று சொல்லமாட்டேன், அடுத்த கல்யாணத்தில் முகம் பார்த்துப் பேச வேண்டும். ஆனால் என் பழைய மாணவர்கள் மூன்று பேர் அதையே எனக்குத் தனியாக அனுப்பி, "சார், இது நிஜமா?" என்று கேட்டிருந்தார்கள்.

நிஜமில்லை. இரண்டு வரியில் சொல்லிவிடலாம். தாய் மொழியில் (தாய்லாந்துக்காரர் மொழியைத்தான் சொல்கிறேன், இந்தப் பதிவு முழுக்க இந்தத் தொல்லை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்) அம்மாவுக்குப் பெயர் 'மே'. தண்ணீருக்கு 'நாம்'. ஆற்றை அவர்கள் 'மே நாம்' என்பார்கள், நீருக்குத் தாய். மேகாங் ஆற்றின் பெயரில் முதலில் நிற்பதும் இந்த 'மே'தான். ஆக, அம்மா அவர்கள் ஆற்றில் இருக்கிறாள், நாட்டின் பெயரில் இல்லை. 'தாய்லாந்து' என்ற பெயரே 1939இல் வந்தது. அதுவரை அந்த நாடு சயாம். நம் வீட்டுப் பெரியவர்கள் சயாம் என்றுதான் சொன்னார்கள்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் பதில் எழுத உட்கார்ந்தபோது ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்தது. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1987 என்று நினைக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் மங்கோலியர் பாடம். குப்ளாய்கான் வரை வந்துவிட்டோம். பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லி உங்களை அசத்த வேண்டும் என்று, நூலகத்தில் படித்த ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தை நம்பி, கரும்பலகையில் ஆசியா படம் போட்டேன். மேலே மங்கோலியா ஓரத்தில் அல்தாய் மலை. அங்கிருந்து ஒரு அம்பு. "தாய் மக்கள் இங்கே பிறந்தவர்கள், அல்தாய் என்ற பெயரிலேயே தாய் இருக்கிறது பாருங்கள்" என்றேன். அடுத்த அம்பு தென் சீனத்தில் யுன்னான் வரை. "இங்கே நான்சாவ் என்று பெரிய ராஜ்யம் கட்டினார்கள். 1253இல் குப்ளாய்கான் அடித்து நொறுக்கினான். அங்கிருந்து தப்பி ஓடி வந்தவர்கள்தான் இன்றைய தாய்லாந்து மக்கள்." மூன்றாவது அம்பு பாங்காக்கில் போய் முடிந்தது. உங்களில் சிலர் அதை நோட்டில் வரைந்து வைத்திருப்பீர்கள்.

கடைசி பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் வீட்டில் நஞ்சை நிலம் உண்டு, நடவு நாளில் பள்ளிக்கு வரமாட்டான். "சார், அந்தக் குளிர் மலையிலேர்ந்து வந்தவங்களுக்கு நெல்லு நடத் தெரியுமா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, "முதல்ல பாடத்தைக் கவனிடா" என்று உட்கார வைத்துவிட்டேன்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு பெயர் ஒழுங்கு. தாய்லாந்து நாட்டில் உள்ளவர்களைத் 'தாய்' என்கிறேன். ஆனால் அவர்கள் மொழிக்கு உறவான மொழி பேசுகிறவர்கள் அந்த நாட்டுக்கு வெளியே ஏராளம். லாவோஸில் லாவோ, மியான்மரில் ஷான், வியட்நாம் வடக்கு மலைகளில் கறுப்பு டாய், வெள்ளை டாய், சீனாவின் குவாங்ஸியில் ஜுவாங். நம் இந்தியாவிலும் உண்டு, அஸ்ஸாமின் அகோம் மக்கள். இந்த முழுக் குடும்பத்தையும் அறிஞர்கள் 'டாய்' என்பார்கள். அந்தச் சொல்லுக்குச் 'சுதந்திரமானவன்' என்று தாய்லாந்தில் பெருமையாகப் பொருள் சொல்வார்கள். மொழியியலார் பலர், ஆதியில் வெறும் 'மனிதன், மக்கள்' என்றுதான் இருந்திருக்கும் என்கிறார்கள். உலகத்தில் பல இனங்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அதுதான்.

இனி அல்தாய் மலைக்கு வருவோம். அந்தப் பெயருக்கும் டாய் மக்களுக்கும் சம்பந்தம் இல்லை. மங்கோலிய மொழியில் 'அல்தான்' என்றால் பொன். ஒலி ஒத்துப்போனது, அவ்வளவுதான். 1928இல் ஒரு தாய் எழுத்தாளர் இதைப் புத்தகமாக எழுதினார். அதற்கு முன்பே வில்லியம் டாட் என்ற அமெரிக்கப் பாதிரியார் டாய் மக்களைச் சீனருக்கு அண்ணன் முறை என்று எழுதியிருந்தார். இரண்டும் சேர்ந்து பள்ளிப் புத்தகங்களில் ஏறி, பல பத்தாண்டுகள் தாய்லாந்துப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். எங்கோ இருந்த எனக்கும் வந்து சேர்ந்தது.

அந்தப் பையனின் கேள்வியை வைத்தே இதைச் சோதிக்கலாம். டாய் மொழிகள் எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் பழைய சொற்கள் எவை? வயலுக்கு 'நா'. தண்ணீர், மீன், எருமை, அரிசி. தாய்லாந்தில் எருமை 'க்வாய்', ஜுவாங்கில் 'வாய்'. குவாங்ஸியில் எத்தனையோ ஊர்ப் பெயர்கள் 'நா' என்று தொடங்குகின்றன, நம்மூரில் வயலூர், வயலப்பாடி என்று இருப்பதைப் போல. இப்போது பனிக்கு, அதாவது ஸ்னோவுக்கு, தாய் மொழியில் என்ன சொல் தெரியுமா? 'ஹிம'. நம் இமயமலையின் ஹிமம்! சமஸ்கிருதத்தில் இருந்து கடன் வாங்கியது. வயலுக்கும் எருமைக்கும் சொந்தச் சொல் வைத்திருக்கிறவன் பனிக்குக் கடன் வாங்குகிறான் என்றால், அவன் பாட்டன் அல்தாய் பனியில் ஆடு மேய்த்தவனா, சேற்றில் எருமை ஓட்டியவனா? சொல் மறைந்து போவதும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் எனக்கு இது பெரிய சாட்சி.

அடுத்தது நான்சாவ். யுன்னானில் டாலி ஏரிப் பக்கம் 8ஆம் நூற்றாண்டில் எழுந்த வலிமையான அரசு, தாங் பேரரசின் படைகளையே தோற்கடித்தது. இது பொய்யில்லை. ஆனால் அதை ஆண்டவர்கள் டாய் மக்கள்தானா? ராஜாக்களின் பெயர்களை வரிசையாகப் படியுங்கள்: சினுலுவோ, லுவோஷெங், ஷெங்லுவோபி, பிலுவோகெ, கெலுவோஃபெங். என்ன தெரிகிறது? அப்பா பெயரின் கடைசி அசை மகன் பெயரின் முதல் அசையாகிறது. நம் இனிஷியலைப் பெயருக்குள்ளேயே ஒட்டிவிட்ட மாதிரி. இந்த வழக்கம் யுன்னான் பகுதியில் உள்ள யி போன்ற திபெத்-பர்மிய மக்களிடம் உண்டு. டாய் அரச குலங்களில் இல்லை. அது மட்டுமல்ல, 1253இல் குப்ளாய் பிடித்தது நான்சாவையே இல்லை. நான்சாவ் 902இலேயே முடிந்துபோனது. அவன் பிடித்தது அதற்குப் பின் வந்த டாலி அரசு. பிடித்த பிறகும் பழைய அரச குடும்பத்தையே அங்கே நிர்வாகத்தில் வைத்துக்கொண்டான். நாடே காலியாகித் தெற்கே ஓடிய கூட்டம் எதுவும் இல்லை. நான் போட்ட மூன்று அம்புகளில் ஒன்றும் தேறவில்லை.

அப்படியானால் பூர்வீகம் எது? மொழியியலார் கண்டுபிடித்த வழியை நம்மூர் வழக்கில் சொல்கிறேன். ஒரு குடும்பத்தின் பூர்வீக ஊர் எது என்று தெரியவில்லை, ஆனால் அதன் கிளைகள் பத்து ஊரில் இருக்கின்றன. எந்த ஊரில் பங்காளிகள் அதிகமாக, ஒருவருக்கொருவர் தீட்டுக்கூட விட்டுப்போகும் அளவுக்குத் தூரமாகப் பிரிந்து கிடக்கிறார்களோ, அந்த ஊரில் தேடுங்கள். பிழைக்கப் போன ஊரில் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள்தான் இருப்பார்கள். மொழிக்கும் இதே கணக்கு. அஸ்ஸாமில் இருந்து தாய்லாந்து வளைகுடா வரை எத்தனை தூரம்! அந்தத் தூரம் முழுக்கப் பரவிய டாய் மொழிகள் நெருங்கிய ஒரே கிளை. ஆனால் குவாங்ஸியிலும் வியட்நாம் எல்லையிலும் பக்கத்துப் பக்கத்து மாவட்டத்து ஜுவாங் பேச்சு ஒருவருக்கொருவர் புரியாது. பிரிவினை அங்கேதான் முதலில் நடந்திருக்கிறது. ஆகவே பூர்வீகம் அந்த எல்லைப்புறம், தென்கிழக்குச் சீனமும் வடக்கு வியட்நாமும் சேரும் இடம். வில்லியம் கெட்னி என்ற மொழியியலாளர் இதை வலுவாக நிறுவியவர்களில் ஒருவர். அங்கே இன்றும் ஜுவாங் மக்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல் இருக்கிறார்கள், சீனாவின் சிறுபான்மை இனங்களில் அவர்களே பெரியவர்கள்.

தாய் மொழியில் எண்களைச் சொல்லிப் பாருங்கள்: சோங், சாம், சீ, ஹா, ஹோக், செட், பேட், காவ், சிப். இரண்டில் இருந்து பத்து வரை. கான்டன் சீனம் தெரிந்தவர் யாரிடமாவது காட்டுங்கள், பாதிக்கு மேல் தன் மொழி என்பார். சீனருக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வெகு காலம் வாழ்ந்து, சந்தையில் எண்ணி எண்ணி வந்த பழக்கம்.

அங்கிருந்து எப்படிப் பரவினார்கள்? ஓடவில்லை, நடந்தார்கள். அதுவும் பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்காக, தலைமுறை தலைமுறையாக. ஒரு தலைவனுக்கு நாலு மகன்கள். மூத்தவனுக்கு ஊர். மற்றவர்கள் சில குடும்பங்களைக் கூட்டிக்கொண்டு மலை தாண்டி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போவார்கள். ஓடையை மறித்து மரக்கட்டையும் மூங்கிலும் கல்லும் வைத்து ஒரு தடுப்பணை. அதற்கு 'ஃபாய்' என்று பெயர். அங்கிருந்து வாய்க்கால். வாய்க்கால் போகிற வழியில் வயல், வயலை ஒட்டி 'பான்', அதாவது கிராமம். பல பான்கள் சேர்ந்து ஒரு தலைவனுக்குக் கீழ் 'முவாங்'. டாய் உலகம் முழுக்க இந்த முவாங்தான் அரசியலின் அடிப்படை. ஷான் நாட்டில் மோங், அஸ்ஸாமில் முங், எல்லாம் ஒரே சொல். மலை உச்சியில் ஏற்கெனவே இருந்தவர்களை அவர்கள் விரட்டவில்லை, தங்களுக்குக் கீழே வைத்துக்கொண்டார்கள். எல்லாம் சமாதானமாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

இதைத் தங்கள் புராணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். லாவோ மக்களின் கதையில், முவாங் தேங் என்ற இடத்தில் பிரம்மாண்டமான சுரைக்கொடி. சுரைக்காயைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் துளைத்தபோது அந்தக் கரிந்த துளை வழியாக மலைவாசிகள் வந்தார்கள், அதனால் கறுப்பு. பிறகு உளியால் வெட்டிய துளை வழியாக லாவோ மக்கள் வந்தார்கள், அதனால் வெளுப்பு. அவர்களை ஆள வானத்தில் இருந்து குன் போரோம் வந்தான். அவனுக்கு ஏழு மகன்கள், ஏழு முவாங்குகளுக்குப் போனார்கள். யார் மேலே, யார் கீழே என்பதை ஒரு சுரைக்காய்க்குள் அடைத்துவிட்டார்கள், பார்த்தீர்களா? முவாங் தேங் எது என்று கேட்டால், 1954இல் பிரெஞ்சுப் படை தோற்ற தியன் பியன் பூ.

இப்படி நடந்ததில் ஒரு கிளை நம் பக்கம் திரும்பியது. 1228இல் சுகாஃபா என்ற டாய் தலைவன் பட்காய் மலையைத் தாண்டிப் பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் இறங்கினான். உடன் வந்தவர்கள் சில ஆயிரம் பேர். அங்கிருந்த மோரான், பராஹி மக்களோடு பெண் கொடுத்து, பெண் எடுத்துச் சேர்ந்துகொண்டார்கள். அந்த அகோம் அரசு 1826 வரை, ஆறு நூற்றாண்டு நின்றது. 1671இல் சராய்காட்டில் முகலாயப் படையைத் திருப்பி அனுப்பிய லச்சித் போர்புகன் இந்த அரசின் தளபதி. கவனியுங்கள், சுகாஃபா இறங்கியது குப்ளாய் டாலிக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பு! என் அம்புக்கு இந்த ஒரு ஆண்டே போதும். அகோம்கள் பிற்பாடு இந்துக்களாகி, அஸ்ஸாமி மொழிக்கு மாறிவிட்டார்கள். ஆனால் மேல் அஸ்ஸாமில் நாம்ரூப், நாம்டாங் என்று ஆறும் ஊரும் இருக்கின்றன. அந்த 'நாம்' தாய்லாந்தின் 'மே நாம்' உள்ள நாமேதான், தண்ணீர். அரசர்களைப் புதைத்த சராய்தேவ் மண்மேடுகளை 2024இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. வடகிழக்குப் பக்கம் போகிறவர்கள் காசிரங்காவோடு திரும்பிவிடாமல் அங்கும் போய்வாருங்கள்.

இன்னொரு கிளை தெற்கே இறங்கியது. அங்கே வெற்று நிலம் இல்லை. மோன் மக்களின் துவாராவதி நகரங்களும் கெமேர் பேரரசின் கோட்டைகளும் இருந்தன. டாய் வீரர்கள் முதலில் கெமேர் படையில் கூலிப்படையாகவே தெரிகிறார்கள். அங்கோர் வாட் சிற்ப வரிசையில் 'சியாம்' என்று எழுதிய ஒரு படைப்பிரிவு, வரிசை கலைந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் கெமேர் பிடி தளர்ந்தது. வடக்கே மங்கோலியர் பர்மாவின் பகான் அரசை ஆட்டம் காணச் செய்தார்கள். அந்த இடைவெளியில் சுகோதாய், சியாங் மாய், பிறகு 1351இல் அயுத்தயா. குப்ளாய்க்கு இந்தக் கதையில் பங்கு உண்டு. டாய் மக்களைத் துரத்தியவனாக இல்லை, அவர்களுக்கு மேலே இருந்த பெரியவர்களைக் கீழே தள்ளியவனாக.

சுகோதாய் மன்னன் ராம்காம்ஹேங் பெயரில் 1292ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. குறை உள்ளவர்கள் அடிக்க வாசலில் மணி கட்டியிருந்ததாக அது சொல்கிறது. மனுநீதிச் சோழனைப் பற்றி நடத்தும்போது உங்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன். அது 19ஆம் நூற்றாண்டுப் போலி என்று சில அறிஞர்கள் கிளப்பி, பெரிய சண்டை நடந்தது. உண்மையானது என்று ஏற்பவர்களே அதிகம். அந்த எழுத்து கெமேர் எழுத்து வழியாக நம் பல்லவர் கால எழுத்திலிருந்து வந்தது. உறவு தேடுகிறவர்கள் இதைப் பகிரலாம், இது உண்மை.

சமூகத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். புரட்ட வேண்டிய முக்கியமான பக்கம் இதுதான்.

நம் ஊரில் நிலத்துக்குச் சண்டை. அங்கே நிலம் கிடந்தது, ஆள் இல்லை. ஆகவே ராஜாக்கள் ஆளுக்காகச் சண்டை போட்டார்கள். போரில் ஜெயித்தால் நிலத்தைப் பிடிப்பதைவிட, ஊரோடு ஜனங்களைப் பெயர்த்துக்கொண்டு வருவதே லாபம். 1767இல் பர்மியர் அயுத்தயாவை எரித்துவிட்டுப் பல்லாயிரம் பேரை ஓட்டிச் சென்றார்கள். 1827, 1828இல் சயாம் லாவோஸின் வியந்தியானை அழித்து, அந்த மக்களை மேகாங்குக்கு மேற்கே கொண்டுவந்து குடிவைத்தது. இன்று லாவோஸில் இருப்பதைவிட லாவோ பேசுகிறவர்கள் தாய்லாந்தில் அதிகம் என்பதற்கு அந்தக் காரியமும் ஒரு காரணம்.

ஆள்தான் சொத்து என்றால், ஆளை எண்ணி அடையாளம் போட வேண்டுமே. சாதாரணக் குடிமகன் 'ப்ரை'. அவன் ஒரு எஜமானின் கீழ் அல்லது நேரே ராஜாவின் கீழ் பதிவாக வேண்டும். மணிக்கட்டில் பச்சை குத்துவார்கள், எவனுடைய ஆள் என்று. அயுத்தயா காலத்தில் ஆண்டுக்கு ஆறு மாதம் ஊழியம், ஒரு மாதம் ராஜாவுக்கு, ஒரு மாதம் தனக்கு. 19ஆம் நூற்றாண்டில் அது மூன்று மாதமாகக் குறைந்தது. 15ஆம் நூற்றாண்டில் திரைலோக்கநாத் மன்னன் காலத்தில் ஒவ்வொருவருக்கும் 'சக்தினா' என்று ஒரு எண் வைத்தார்கள். சக்தி நம் சக்திதான், நா அதே வயல். பெயருக்கு நில அளவு, நடைமுறையில் அந்தஸ்து. இளவரசப் பதவியான உபராஜாவுக்கு 1,00,000. பெரிய மந்திரிக்கு 10,000. ப்ரைக்கு 25. அடிமைக்கும் பிச்சைக்காரனுக்கும் 5. ஒருவனுக்கு இழைத்த தீங்குக்கு எவ்வளவு அபராதம் என்பதையும் இந்த எண்ணே முடிவு செய்தது. வர்ணம், சாதி என்று சொல்லாமலே மனிதனுக்கு விலைச்சீட்டு ஒட்டிவிட்டார்கள். நம்முடையதோடு ஒரு வித்தியாசம், இந்த எண் பதவியோடு ஏறும், இறங்கும்.

இதே முறையின் தம்பியை அஸ்ஸாமில் பார்க்கலாம். அங்கே 'பைக்' முறை. நாலு ஆண்களுக்கு ஒரு அலகு, முறை வைத்து ஒருவன் அரசு வேலைக்குப் போக, மற்றவர்கள் அவன் வயலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆண்கள் பாதி ஆண்டு ராஜாவின் வேலையில் இருந்தால் வீட்டை யார் பார்ப்பது? பெண்கள். 1687இல் பதினான்காம் லூயியின் தூதராக வந்த லா லூபேர், உழுவதும் விற்பதும் வாங்குவதும் பெண்களே என்று ஆச்சரியப்பட்டு எழுதினார். இன்றும் தாய்லாந்துச் சந்தையில் கல்லாவில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அம்மாதான். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதே பழைய வழக்கம். 'வீட்டோட மாப்பிள்ளை' என்று நாம் கேலி செய்வது அங்கே முறை. பணம் கொடுப்பதும் மாப்பிள்ளை வீட்டார், தாய்ப்பாலுக்குரிய விலை என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் கடைசி மகளுக்குத்தான் வீடு. வரதட்சணைக்காக வட்டிக்கு வாங்கிய அப்பாக்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள், பெருமூச்சு விடுவது கேட்கிறது.

அவசரப்படாதீர்கள். அதே நாட்டில் கணவன் மனைவியை விற்கலாம் என்று சட்டம் இருந்தது. 1860களில் இரண்டு சாதாரணப் பெண்கள் வழக்கைக் கிளப்பினார்கள். ஒருத்தி, பெற்றோர் வலுக்கட்டாயமாக வேறொருவனுக்குக் கொடுத்ததை எதிர்த்து மன்னர் மோங்குத்திடம் மனு கொடுத்தவள். இன்னொருத்தி, தனக்குத் தெரியாமல் தன்னைக் கணவன் விற்றதை எதிர்த்தவள். 1868இல் மனைவியின் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டம் மாறியது. அவர் மகன் சுலாலங்கோன் அடிமை முறையைச் சிறிது சிறிதாக அவிழ்த்தார். 1874இல் அடிமைகளின் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம், 21 வயதில் விடுதலை. 1905இல் முழுத் தடை. உள்நாட்டுப் போர் இல்லாமல் முடிந்தது. ஆனால் முப்பது ஆண்டுகள் காத்திருந்தவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான்.

இந்தச் சக்தினா விஷயத்தை அப்பட்டமாக எழுதிய ஒரு இளைஞரைச் சொல்லியாக வேண்டும். சித் பூமிசக். 1957இல் சக்தினாவின் உண்மை முகத்தைப் பற்றிப் புனைபெயரில் எழுதினார். மறு ஆண்டே சிறை. ஆறு ஆண்டுகள். சிறையில் என்ன செய்தார் தெரியுமா? சயாம், தாய், லாவோ என்ற சொற்கள் எங்கிருந்து வந்தன என்று ஆராய்ந்தார். 1966இல் 35 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சொல்லாராய்ச்சி 1976இல்தான் அச்சில் வந்தது.

ஒரு சொல்லின் வேரைத் தேடுவதற்குச் சிறையில் உட்கார்ந்து அவ்வளவு உழைப்பு ஏன்? 1939 ஜூன் 24க்குப் போனால் புரியும். பிபுன் சொங்க்ராம் என்ற ராணுவத் தலைவர் ஆட்சியில், சயாம் 'தாய்' நாடு ஆனது. அல்தாய், நான்சாவ் கதைகள் அப்போதுதான் சூடாக விற்றன. வடக்கிலிருந்து துரத்தப்பட்ட மாபெரும் இனம், சிதறிக் கிடக்கும் சகோதரர்களை ஒன்றுசேர்க்க வேண்டும் என்று பிரசாரம். ஊரில் இருந்த சீனர்களின் பள்ளிகளும் பத்திரிகைகளும் மூடப்பட்டன. தெற்கே மலாய் முஸ்லிம்களும் வடகிழக்கே லாவோ மக்களும் 'நாங்கள் வெறும் தாய்' என்று சொல்லிக்கொள்ள வேண்டும். தொப்பி போட வேண்டும், வெற்றிலை போடக் கூடாது என்றெல்லாம் உத்தரவு (என் பாட்டி அங்கே இருந்திருந்தால் நேரே சிறைக்குப் போயிருப்பாள்). 1941இல் பிரெஞ்சு இந்தோசீனாவில் இருந்து நிலம் பிடித்தார்கள். 1942இல் ஜப்பான் தயவில் ஷான் நாட்டின் கெங்துங் வரை படை போனது. போர் முடிந்ததும் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தார்கள். 1945இல் நாடு மறுபடி சயாம் ஆகி, சில ஆண்டில் திரும்பவும் தாய்லாந்து ஆனது. நான் கரும்பலகையில் அப்பாவியாக வரைந்த அம்புகள் அந்தக் காலத்தில் படை போவதற்கான வழிகாட்டியாக இருந்தவை. அது எனக்கு அன்று தெரியாது.

பின்னாளில் தாய் அறிஞர்களே அந்தக் கதையைக் கைவிட்டார்கள். அதற்கு எதிராக "நாங்கள் எங்கிருந்தும் வரவில்லை, எப்போதும் இங்கேதான்" என்ற குரலும் எழுந்தது. பான் சியாங் அகழாய்வில் அழகான பழைய பானைகள் கிடைத்ததும் அது வலுத்தது. ஆனால் அந்தப் பானைகளில் எழுத்தில்லை. அதில் சோறு பொங்கியவர் என்ன மொழி பேசினார் என்று பானை சொல்லாது. மண்ணின் கதை வேறு, மொழியின் கதை வேறு. இன்றைய தாய் மக்களின் ரத்தத்தில் மோன், கெமேர், மலாய், சீனர் எல்லாரும் இருக்கிறார்கள்.

தமிழ்த் தொடர்பைக் கேட்டவர்களுக்கு: இருக்கிறது. மேற்குக் கரையில் தக்குவா பாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் பற்றிப் பேசுகிறது. ஆனால் அன்று அந்தக் கரையில் தாய் ஆட்சியே கிடையாது. பாங்காக் அரண்மனைப் பிராமணர்கள் மார்கழி, தையில் நடத்தும் சடங்குக்குத் 'திரியம்பாவாய் திரிபாவாய்' என்று பெயர், நம் திருவெம்பாவை, திருப்பாவைதான். அதில் நடந்த பெரிய ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுவிட்டது. சிவப்புத் தூண்கள் மட்டும் இன்னும் நிற்கின்றன. இவ்வளவு இருக்கும்போது பொய்யாக ஒரு அம்மாவை எதற்கு நட்டுவைக்க வேண்டும்?

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பெயர் நினைவிருக்கிறது, இங்கே போடவில்லை. உங்களில் யாருக்காவது தொடர்பு இருந்தால் இதை அனுப்புங்கள். தம்பி, அவர்களுக்கு நெல் நடத் தெரியும். உங்கள் வீட்டைப் போலவே வாய்க்காலில் மடை மாற்றவும் தெரியும், முறை தவறித் தண்ணீர் திருப்புகிறவனோடு சண்டை போடவும் தெரியும். குளிர் மலையில் இருந்து அவர்கள் வரவில்லை. நீ சரியாகத்தான் கேட்டாய்.

மற்றவர்கள் பழைய நோட்டு இருந்தால் அந்த மூன்று அம்புகளையும் அடித்துவிடுங்கள்.